துடக்குக்குள் வார்த்த பெயரிங்

சுன்னாகத்து அரிசி ஆலையின் பழைய எஞ்சினை எடுத்துக் காட்சிக்கு வைக்க ஒரு தனியார் நூதனசாலை சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை, அது ஓட வேண்டும். ஓடாவிட்டால் வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து வெட்டி ஏற்றிவிடுவார்கள். ஆலைக் காணியை விற்ற, ஜெயரூபனின் மூத்த அண்ணன், ரொறன்ரோவிலிருந்தபடியே எல்லாம் பேசி முடித்திருந்தார்.

எஞ்சினில் தேய்ந்துபோனது சுழலும் தண்டைத் தாங்குகிற பெரிய பெயரிங் ஒன்றுதான். அந்த அளவு கடையில் கிடையாது. ஈயக் கலவையை உருக்கி வார்க்க வேண்டும். வார்க்கத் தெரிந்த சிவசுப்பிரமணியம் போன கிழமைதான் செத்துப்போனார். அவர் பட்டறைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் வார்ப்பார். தொழிலை ஒளிக்கிறார் என்றது ஊர். மகன் ஜெயரூபனுக்கும் அந்தக் கதவு திறந்ததில்லை.

"மாமா இருந்தா உங்களைத் தன்ரை வார்க்கிற அகப்பையைத் தொட விடுவாரோ?" என்றாள் மனைவி பராசக்தி.

"தன்ரை வெத்திலைத் தட்டத்தையே தொட விடாத மனிசன்." ஜெயரூபன் போனில் யாரோ வெள்ளைக்காரன் வார்ப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாசை விளங்கேல்லை. கை விளங்குது, காணும்."

"செத்தவீட்டுத் துடக்கோடை, தீட்டுக் கழியாமல் நெருப்பு மூட்டுறியள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டுமன்."

"அது முடியேக்கை எஞ்சின் பழைய இரும்பாய்க் கப்பலிலை கிடக்கும்."

அவன் உருகிய ஈயத்தை எடுக்க அடுப்படிக்குப் போனான். அந்த எஞ்சின் போனால் இந்த மனிசன் நொறுங்கிப்போவான் என்று அவளுக்குத் தெரியும். செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலையால் எஞ்சினுக்குத் தெளித்தாள். களிமண்ணால் அடைத்து வைத்திருந்த அச்சுக்கும் தெளித்தாள். சில துளிகள் அச்சின் வாய்க்குள் உருண்டு போயின. "பிள்ளையாரே" என்றாள்.

அவன் ஊற்றினான்.

வெடித்தது. சத்தம் கேட்டால் குப்புற விழுகிற சண்டைக்காலப் பழக்கம் இத்தனை வருசமாகியும் அவள் உடம்பை விட்டுப் போகவில்லை. விழுந்தாள். நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பொத்தியபடி நின்றான்.

இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவள் அச்சுக்குத் தண்ணீர் தெளித்ததைச் சொன்னாள். "உருகின ஈயம் ஈரத்திலை பட்டா வெடிக்கும்" என்றான் அவன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. உன்ரை பேரை இழுப்பினம். துடக்காலை வந்ததெண்டே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை எஞ்சினைத் துண்டுதுண்டாய் வெட்டி ஏற்றினார்கள்.

அரியாலையிலிருந்து நடராசா சைக்கிளில் வந்தார். அவரிடமும் பெயரிங் வார்க்க வேண்டிய பழைய பம்பு ஒன்று இருந்தது. "எங்கை பிழைச்சது, பிள்ளை?"

"துடக்குக்குள்ளை தொட்டவர், அண்ணை."

"அதுதானே பார்த்தன். நான் ஐயரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிச்சுப்போட்டுத்தான் தொடங்குவன்."

அவர் சைக்கிளைத் திருப்பினார். வாசல் படலையைத் தாண்டுவதற்குள் பராசக்தி ஓடிப்போய்ச் சைக்கிளின் பின் கரியரைப் பிடித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"துடக்கில்லை அண்ணை" என்றாள், அவர்களுக்கும் கேட்கும்படி. "தண்ணி. அச்சுக்குள்ளை நான்தான் தெளிச்சனான்."