தண்ணீர் அடுப்பு

இடுக்கி அணையில் கரண்ட் எடுக்க ஆரம்பித்த வருஷம், சக்குபள்ளத்தில் விறகுப் பஞ்சம் வந்தது. மரத்தில் கை வைத்தால் ஃபாரஸ்ட்காரர்கள் ஜீப்போடு வந்து நின்றார்கள். பறித்த ஏலக்காயை அன்றைக்கே உலர்த்தும் ஸ்டோரில் ஏற்றி விறகுச் சூடு காட்டாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். கந்தப்பன் முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. அவருடைய ஸ்டோர் மிஸ்திரி பெரியமுத்துவுக்கோ தன் நல்ல காலம் வந்துவிட்டதாகத் தோன்றியது.

காயின் பச்சை நிறம் நிற்பதற்காக, உலர்த்துமுன் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தத் தொட்டியில் காய் அலசுபவள் பெரியமுத்துவின் மனைவி சுருளியம்மாள். சோடாவில் ஊறி ஊறி அவள் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் பெரியமுத்து அந்தத் தண்ணீரில் இரண்டு கம்பிகளை இறக்கி, கம்பம் ஊர்ச் சினிமாக் கொட்டகையில் கழித்துப் போட்ட, ஏ.சி. கரண்டை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரை மாற்றிக் கட்டிக் கரண்டைக் கொடுத்தான். ஒரு கம்பியின் நுனியில், தண்ணீருக்குள்ளேயே, கத்தரிப்பூ நிறத்தில் நெருப்பு நின்றது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

சும்மா நம்பிவிடுகிற ஆள் இல்லை அவன். சாதாரண ஹீட்டரையும் பக்கத்தில் வைத்து அளந்தான். மீட்டர் சக்கரம் ஒரே அளவு சுற்றுவதற்குள் ஹீட்டர் பானையில் ஒரு படி தண்ணீர் குறைந்தால், இவன் பானையில் ஒன்றரைப் படி குறைந்தது. கொடுத்த கரண்டுக்கு மேல் அந்த அரைப்படியை ஆவியாக்கிய சூடு எங்கிருந்து வந்தது? தண்ணீருக்குள்ளிருந்துதான் வரவேண்டும். அந்த ஆவியைக் குழாயில் விட்டு ஸ்டோரைச் சூடாக்கினால் விறகே வேண்டாம் என்று, அன்றுமுதல் அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆசை யாரைத்தான் விட்டது!

ஆயுதபூசையன்று எல்லோருக்கும் காட்டினான். பெரிய டிரம்முக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே சுவரில் முருகன் படம் மாட்டியிருந்தான். தண்ணீர் குறைவதை எல்லோரும் பார்க்கட்டும் என்று மூடியைத் திறந்தே வைத்தான். காலையில் பறித்த காய் தொட்டியருகே குவிந்து கிடந்தது. வாசலில், லாரிக்காரன் சின்னமுத்து மலைக்குக் கீழேயிருந்து கொண்டுவந்த விறகு லாரி, இறக்கவா வேண்டாமா என்று காத்து நின்றது.

உச்சி வேளையில், காய் பறிக்கும் அழகுத்தாய் அலறினாள். "ஐயோ முருகா! படத்துல விபூதி கொட்டுதே!"

படத்தின் மேல் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். முதலாளி செருப்பைக் கழற்றி வீசிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிலர் பெரியமுத்துவின் காலிலேயே விழுந்தார்கள்.

"சாமியே உத்தரவு குடுத்துருச்சு. வெறகு வேணாம், வேற எங்கயாச்சும் கொண்டு போப்பா" என்றார் முதலாளி. சின்னமுத்து வண்டியில் ஏறினான்.

பெரியமுத்துவும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, வழக்கம்போல் கொஞ்சம் வாயில் போட்டான். நாக்கில் சவுக்காரம் மாதிரி கரித்தது. விபூதி இல்லை, சோடா உப்பு.

உப்புத் தண்ணீர் கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு பானையிலேயே தங்கும். உப்பு படம் வரைக்கும் ஏறியிருக்கிறதென்றால், தண்ணீர் தண்ணீராகவே தெறித்து வெளியே போயிருக்கிறது. அந்த அரைப்படி கொதித்துக் குறையவில்லை, துளித்துளியாகத் துள்ளிக் குறைந்திருக்கிறது. உபரிச் சூடு என்று ஒன்று இல்லவே இல்லை. அது இல்லாமல், எஸ்டேட்டுக்கு வரும் கரண்டில் கால்வாசிக் காய்கூடக் காயாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு அவன் ராஜா. நாளைக்குக் காய் அத்தனையும் குப்பை.

லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. பெரியமுத்து ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"எறக்குங்க! வெறக எறக்குங்க!"

"ஏப்பா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று முதலாளி ஓடிவந்தார்.

"மொதலாளி, அது விபூதியில்ல. டிரம்முல இருந்து தெறிச்ச சோடா. நான் அளந்ததே தப்பு."

"சாமியப் பழிக்காதடா!"

பெரியமுத்து உள்ளே போய்ப் படத்திலிருந்து அந்தப் பொடியை வழித்து வந்தான். தண்ணீர் விட்டுத் தன் கிரீஸ் கையில் தேய்த்துக் காட்டினான். கிரீஸ் கரைந்து கை வெளுத்தது; விபூதிக்கு அந்தக் குணம் கிடையாது. அழகுத்தாய் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி அவன் முகத்தைப் பார்க்காமலே, "எறக்கச் சொல்லு" என்றார்.

சாயங்காலம் ஸ்டோர் புகைபோக்கியில் புகை எழும்பியது. தொழிலாளர் குடியிருப்பு லயத்துக்குத் திரும்பும்போது சுருளியம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அந்த விபூதியத் தொட்டதுமே எனக்குத் தெரியும் மாமா. வெடிப்புல சுருக்குன்னு எரிஞ்சுச்சு."

"பெறகு ஏன் சொல்லல?"

"எல்லாரும் ஒங்களக் கும்பிட்டாங்கல்ல, கொஞ்ச நேரம் கும்பிடட்டும்னு விட்டேன். லாரி ஓடைப்பாலத்தத் தாண்டுறதுக்குள்ள நீங்க சொல்லலேன்னா, நானே சொல்லியிருப்பேன்."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுதான் தீர்த்தான்.