கையை விட்டால் நிற்கும் வண்டி

தம்பி அக்காவுக்குத் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். அதைத் திருப்பித் தர வழியில்லாத வெட்கத்தில் வீட்டைவிட்டுப் போனவன், ஏழு வருஷமாகத் தலைகாட்டவில்லை.

எல்லாம் ஒரு பிரேக்கால் வந்த வினை. இருவரும் மூட்டை தள்ளிய கிடங்கின் சரிவில் வண்டி ஆளை இழுத்துக்கொண்டு ஓடியது. பொறுக்கமாட்டாமல் அக்கா பழைய சைக்கிள் பிரேக் ஒன்றைத் தன் தள்ளுவண்டியின் கைப்பிடியில் மாட்டினாள். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. இதைப் பட்டறையில் விற்றால் இனி மூட்டையே தள்ள வேண்டாம் என்று, மாதிரி செய்ய அவள் சேமிப்பு மொத்தத்தையும் கடனாக வாங்கிப் போனான் தம்பி. அதற்குள், கேட்டவர்களின் வண்டியிலெல்லாம் அவள் அதைச் சும்மாவே மாட்டிக் கொடுத்துவிட்டாள்.

தம்பி மாதிரியை நீட்டியதும் பட்டறைக்காரர் தெருவை எட்டிப் பார்த்தார். “எல்லா வண்டியிலயும்தான் தொங்குது. இதுக்கு எவன் காசு கொடுப்பான்?”

தம்பி வந்து குதித்தான். “உன்ன யாருக்கா வாரிக் கொடுக்கச் சொன்னது?”

“கொடுத்ததாலதாண்டா டயர் ரப்பர் வைக்க ஒருத்தன் சொன்னான், கம்பிக்குக் குழாய் போட இன்னொருத்தன் சொன்னான். பூட்டி வச்சா என் மூளை ஒண்ணுதான். அதுவும் அரை.”

அவன் சிரிக்கவில்லை. மறுநாள் பாய் காலியாகக் கிடந்தது.

அன்று முதல் வெளியூர் லாரி எது வந்தாலும், அக்கா இறங்குகிற முகங்களைப் பார்த்த பிறகுதான் சரக்கைப் பார்ப்பாள்.

இன்று ஒரு லாரியிலிருந்து தள்ளுவண்டி இறங்கியது. பிரேக் இடப்பக்கம் இருந்தது. பிடித்தால் ஓடியது, விட்டால் நின்றது. முன்பு கை வழுக்கி அவள் பாதத்தில் வண்டி ஏறிய அன்று, “விட்டா நிக்கிற மாதிரி பண்ணணும்க்கா” என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னவன் தம்பி. அவனுக்கு எல்லாமே இடக்கைதான்.

“இது யாருண்ணே பண்ணது?”

“யாரோ ஒரு நொட்டாங்கைக்காரனாம்” என்றார் லாரிக்காரர். “கேட்டவனுக்கெல்லாம் சும்மாவே மாட்டி விடுறானாம், கிறுக்கன்.”

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “எந்த ஊரு?”

“யாருக்குத் தெரியும்? நானே இன்னொருத்தன் வண்டியப் பாத்துத்தான் மாட்டுனேன். அவன் எவனப் பாத்தானோ.”

அவள் பிடியைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள்.

“அப்ப வந்த வழியாவே ஒரு சேதி சொல்லி விடுங்கண்ணே. கடன் தீந்துபோச்சாம், அக்கா சாப்பிட வரச் சொன்னாளாம்னு.”

“அவன் காதுக்குப் போய்ச் சேருமா?”

“பிரேக்கு வந்து சேந்துச்சுல்ல?”

லாரிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “சரி, சொல்றேன். எவ்வளவு பாக்கி?”

“ஒண்ணும் இல்லண்ணே.”