திரும்பிப் பார்த்த ஐந்து பேர்

1.

இந்தக் கதை என் மனைவியின் கணுக்கால் முறிந்ததில் பிறந்தது. எழுத்தாளனுக்கு எங்கிருந்தெல்லாம் கரு கிடைக்கிறது, பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தொடக்கம்: "யூலை மாதத்து டான்டினோங் மலையில் பனிப்புகார் ஒரு…"

(ஒரு என்ன? மூன்று நாளாக யோசித்தும் வரவில்லை. விட்டுவிட்டேன்.)

2.

யூலை குளிர்காலமாக இருக்கும் ஆஸ்திரேலியாவில், கேரம் டவுன்ஸ் கோயிலில் பழக்கமான ஆறு தம்பதிகள் மலையில் நடக்கப் போனோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பாதையெல்லாம் சேறு, வழுக்கும் வேர்கள். பத்தடிக்கு அப்பால் மரமே தெரியவில்லை. ஆண்கள் கைவீசி முன்னே. புட்டும் சம்பலும் சுமந்து பெண்கள் பின்னே. [என் மகள் வினுஷா இந்த வரியைப் படித்தால், "அப்பா, சீரியஸ்லி?" என்பாள்.]

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ!"

எங்கள் பெண்கள் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆறு பேரையும் அப்படித்தான் அழைப்பார்கள். ஐந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

3.

கதையில் ஆறாவது கணவனுக்குச் சச்சிதானந்தன் என்று பெயர் வைத்தேன். முதல் வரைவில் அவன் ஓடிப்போய் மனைவியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்குகிறான். எனக்கு அரிசி மூட்டையே தூக்க ஏலாது. இரண்டாம் வரைவில் அவனுக்குக் காது மந்தம். இது பரவாயில்லை. என் மனைவி சத்தியபாமாவும் இதைத்தான் நம்புகிறாள். திரும்பிப் பார்த்த ஐவரில் ஒருவரான, தன்னைத் தாங்கி வந்த சிறியிடம், "பாவம், இவருக்குக் கேட்டிராது" என்றாளாம்.

4.

எனக்குக் கேட்டது.

முப்பத்தெட்டு வருடமாகக் கேட்கும் குரல். அவள்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பனிப்புகாருக்கு அப்போதுதான் ஓர் உவமை வாய்த்திருந்தது. திரும்பினால் மறந்துவிடும் என்று நாற்பது நிமிடம் நடந்தேன். உவமையும் மறந்துபோயிற்று.

5.

முடிவு எழுத இருந்தபோது சத்தியபாமா நொண்டி வந்து பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"என்ன எழுதுறியள்? எனக்கும் காட்டுங்கோ."

"இன்னும் முடியேல்லை."

"எழுதினமட்டும் வாசிக்கிறன்."

நான் இங்கே தட்டுவது அவளுடைய போனிலும் தெரியும்படி வினுஷா செய்து வைத்திருக்கிறாள். மறுக்க வழியில்லை. இப்போது இரண்டாம் பகுதியில் இருக்கிறாள், சிரிக்கிறாள். நாலாம் பகுதியை நான் இந்த நொடியே அழிக்கலாம்.

நீங்கள் அதை வாசித்துவிட்டீர்கள் என்றால், அவளும் வாசிக்கப்போகிறாள். அதன்பிறகு என்ன சொல்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.