டப்பாவோடு வந்த சம்பந்தம்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் முகத்தையே பார்க்கவில்லை. நேரே புஜத்தைப் பிடித்து, கடையில் பழம் பொறுக்குவது போல இரண்டு விரலால் அழுத்தினாள்.

“சதை கொஞ்சம் தாராளம்தான்.”

பெண்ணின் அம்மா அவசரமாக பஜ்ஜித் தட்டை முன்னால் நகர்த்தினாள். இதற்கு முன் இதைச் சொன்ன எல்லோரும் காபியைக் குடித்துவிட்டுக் கம்பி நீட்டியவர்கள். மாப்பிள்ளையின் அம்மாவோ கைப்பையைத் திறந்து உடம்பு இளைக்கக் குடிக்கும் பவுடர் டப்பா ஒன்றை நீட்டினாள்.

“கவலைப்படாதீங்க சம்பந்தியம்மா. காலையில ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். நடுவுல அரை வயிறு சாப்பாடு. பொண்ணு இளைச்சதும் நிச்சயம் பண்ணிடலாம். நீங்களும் எனக்குக் கீழ ஒரு ஆளா சேர்ந்து நாலு டப்பா வித்துக் குடுங்க.”

சம்பந்தியம்மா! அந்த ஒரு வார்த்தையிலேயே அம்மா உருகிவிட்டாள். சமையலறையில் டப்பாக்கள் அடுக்கடுக்காக ஏறின. மாப்பிள்ளை மட்டும், டப்பாவுக்குள் இலவசமாக வரும் கரண்டி மாதிரி, பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

பெண்ணுக்கு பேக்கரியில் வேலை. கேக்கின் மேல் க்ரீமால் பூப் போடுவாள். பவுடர் சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருந்தது. எடை இறங்கத்தான் செய்தது. கூடவே கண்ணும் இருட்டியது.

“தலை சுத்துது அத்தை,” என்றாள் போனில், மாப்பிள்ளையின் அம்மாவிடம்.

“உடம்புல இருக்கிற நஞ்சு வெளியேறுதும்மா.”

“முடி கொட்டுதே?”

“அதுவும் நஞ்சுதான்.”

க்ரீமை நாக்கில் வைக்கக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. ருசி பார்க்காமலே கலக்கியதில், யாரோ ஒருவரின் கல்யாண கேக்கில் சர்க்கரை இருக்கவேண்டிய இடத்தில் உப்பு உட்கார்ந்துகொண்டது.

பேக்கரி முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “நீ இளைக்கிறியோ இல்லையோ, என் வியாபாரம் நல்லா இளைக்குது! இன்னொரு தடவை இப்படி ஆச்சு, வேற ஆளைப் பாத்துக்குவேன்.”

அந்த வாரமே, டப்பா விற்பவர்களின் கூட்டத்தில் மேடையேறி அனுபவம் சொல்லும்படி அத்தை அவளைக் கூப்பிட்டாள். மண்டப வாசலில் எடை பார்க்கும் வரிசை. பேக்கரிக்காரி தனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“நீங்க எதுக்கு இளைக்கிறீங்க?”

“இளைச்சாத்தான் நிச்சயமாம். இன்னிக்கு மேடையில பேசறாங்களே, அவங்கதான் என் வருங்கால மாமியார்.”

“அவங்களுக்கு எத்தனை பையன்?”

“ஒரே பையன்.”

“அப்ப எனக்கும் அவன்தான்.”

“எனக்குந்தான்,” என்றாள் பின்னால் நின்றவள்.

அவளுக்கும் பின்னால் ஒரு ஒல்லிக்குச்சி. “நான் ரொம்ப ஒல்லியாம், தேறினாத்தான் கல்யாணமாம். எனக்கும் இதே டப்பாதான். என்ன, சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கணுமாம்.”

மேடையில் அத்தை மைக்கைப் பிடித்தாள். “என் வருங்கால மருமகளே வந்து பேசுவா. வாம்மா!”

நான்கு பேரும் சேர்ந்தே ஏறினார்கள்.

“வந்துட்டோம் அத்தை,” என்றாள் பேக்கரிக்காரி. “எந்த மருமக பேசட்டும்? உங்க பையன் ஒருத்தன்தானே?”

அத்தையின் முகம் ஒரு நொடி வெளுத்தது. ஒரே நொடிதான். “பாத்தீங்களா! எனக்கு எல்லாருமே மருமகதான். நாம எல்லாரும் ஒரே குடும்பம்!”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

நான்கு பேரும் இறங்கி நேராக பேக்கரிக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். பிறகு பேக்கரிக்காரி ஒரு முழு கேக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“உன் அண்ணனுக்கு ஒரு இடம் வந்திருக்குடி. பொண்ணு கொஞ்சம் பூசின உடம்பாம்.” அம்மாவின் பைக்குள் ஒரு டப்பா எட்டிப் பார்த்தது.

மகள் பைக்குள் கையை விட்டாள். டப்பாவை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். கேக் பெட்டியைப் பைக்குள் வைத்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“நானும் வர்றேன். அந்தப் பொண்ணு கையை நீ அழுத்திப் பார்க்கக்கூடாது.”

அம்மா பையைத் தூக்கிப் பார்த்தாள். “ரொம்ப கனமா இருக்கேடி.”

“இருந்துட்டுப் போகட்டும்மா.”