அவை கூடும் வரை

அகல்யா எழுதிக் கொடுத்தனுப்பிய சீட்டை மந்திரி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேஜைமேல் வைத்து, அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்தார்.

மக்களவையில் அதிகாரிகளுக்கென்று ஓரமாக ஒரு மாடம் உண்டு. மந்திரிக்குப் பேச்சில் விவரம் எதுவும் தடுமாறிவிடக் கூடாதே என்று, அவர் துறையைச் சேர்ந்தவர்கள் காகிதக் கட்டுகளோடு அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, நினைத்தபோது எழுந்து போகவும் கூடாது. போனை வாசலிலேயே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அந்த டோக்கனை அகல்யா உள்ளங்கையில் வைத்து நெரித்துக்கொண்டிருந்தாள்.

ரயில்வேயின் எதிர்காலம் என்ன என்று மூன்றாவது நாளாக விவாதம். எதைத் தனியாரிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஓர் உறுப்பினர் மட்டும் உருப்படியாக ஒன்று கேட்டார். இந்த மசோதா நிறைவேறினால் எத்தனை சின்ன ஸ்டேஷன்களை மூடுவீர்கள்? அதற்கான பதில்தான் டம்ளருக்கு அடியில் நனைந்துகொண்டிருந்தது. மந்திரியோ புதிதாக விட்ட ரயில்களின் பெருமையைப் பேசினார். எதிர்வரிசை எழுந்தது. அதைப் பார்த்து ஆளும் வரிசையும் எழுந்தது. காலையில், காலமான ஒரு முன்னாள் உறுப்பினருக்காக இதே ஜனங்கள் தலைகுனிந்து நின்றபோது மண்டபம் கோயில் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒருவர் சொன்ன வாக்கியம்கூட முழுசாகக் காதில் விழவில்லை.

"அவை இரண்டு மணி வரை ஒத்திவைக்கப்படுகிறது."

அகல்யா எழுந்தாள். வெளி வராந்தாவில் அவளுடைய டைரக்டர் கிருஷ்ணபிரசாத் கூடவே நடந்தார்.

"சார், நான் வீட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன். அப்பாவுக்கு..."

"தெரியறது அகல்யா. ஆனா ரெண்டு மணிக்குக் கூடினதும் அந்த ஸ்டேஷன் விஷயம்தான் மறுபடி வரும். உங்களைத் தவிர யாருக்கு அது அத்துப்படி? முடிஞ்ச உடனே என் வண்டியிலேயே அனுப்பறேன். ஜல்தி முடிஞ்சுடும்."

அவர் கெட்டவர் இல்லை. ஜல்தி முடியும் என்பதை அவரே நம்பவில்லை என்பதும் முகத்தில் தெரிந்தது.

போனை வாங்கி வீட்டுக்குப் பேசினாள். அப்பாவைக் கவனிக்க ஏஜென்சி மூலம் வந்திருந்த சுனைனாதான் எடுத்தாள். பீகார்க்காரி, வந்து நாலு மாதம் ஆகிறது. "பாபுஜி தூங்கறார் தீதி. மூச்சு கொஞ்சம் வேகமா இருக்கு," என்றாள் இந்தியில்.

"என் அத்தைக்குப் போன் பண்ணி வரச் சொல்லு. நானும் வந்துடறேன்."

'நாளைக்கே முடிஞ்சாலும் முடியலாம், நாலு நாளும் தாங்கலாம்' என்று டாக்டர் முந்தின நாள் சொன்னதை நம்பித்தான் வேலைக்கு வந்திருந்தாள். காலையில் அவள் கிளம்பும்போது அப்பா ஜோதிலிங்கம் நல்ல நினைவோடுதான் இருந்தார். புது தில்லி ஸ்டேஷனில் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

"ரயில இன்னைக்காவது வித்துருவீகளா?"

"இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்கப்பா."

"வெல படியல போல." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அவரை உலுக்கிவிட்டது. அடங்கியதும் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "உங்கம்மாவுக்கு நீதான பால் ஊத்துன? எனக்கும் நீயே ஊத்திரு தாயி."

உயிர் பிரிகிற நேரத்தில் பெற்ற பிள்ளை கையால் ஒரு வாய்ப் பால். அகல்யா ஒரே பிள்ளை. அவர் அவளிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கப்பட்டவர் இல்லை. "ஊத்துறேன்ப்பா. அதுக்கு இன்னும் நாள் கெடக்கு," என்று சொல்லிவிட்டு, பாலைக் காய்ச்சி ஒரு டம்ளரில் மூடி வைத்து, சுனைனாவிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு மணிக்குக் கூடிய அவை மூன்று மணிக்குத் தள்ளிப் போயிற்று. மூன்று மணிக்குப் பாதி நாற்காலிகள் காலி. ஒருவர் தம் தொகுதி மேம்பாலத்தைப் பற்றி, காமிரா இருக்கிற திசையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார். சின்ன ஸ்டேஷன்களைப் பற்றிக் கேட்ட உறுப்பினர் மறுபடி எழுந்து, "பதில் எங்கே?" என்றார். கூச்சல். யாரோ காகிதத்தைக் கிழித்து எறிந்தார். கிருஷ்ணபிரசாத் கண்ணை மூடிக்கொண்டார். அகல்யாவுக்குத் தானும் எழுந்து, 'அந்த டம்ளரைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்களய்யா' என்று கத்திவிடலாம்போல இருந்தது.

அவை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

போன் கவுண்டரில் இருந்த பெண் காவலர், அவள் டோக்கனை நீட்டுமுன்பே போனை நீட்டினாள். "மேடம்ஜி, இது அடிச்சுக்கிட்டே இருந்தது. உள்ளே ஆள் அனுப்பிப் பார்த்தேன், விடலை," என்றாள் இந்தியில். அகல்யாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த ஃபைல் கட்டை வாங்கிக்கொண்டு, தன் இடத்தை விட்டு வெளிக்கதவு வரை கூடவே வந்தாள்.

அங்கேயே, வண்டிக்குக் காத்து நின்றபடி, சுனைனா போனில் சொல்லக் கேட்டாள். அப்பா போய்விட்டார்.

கிருஷ்ணபிரசாத்தின் வண்டி ரவுண்டானாவில் நின்றுவிட்டது. உறுப்பினர்களின் கார்கள் போவதற்காகப் போலீஸ்காரர் கையைக் காட்டி மறித்திருந்தார். வெள்ளைக் கார்கள் ஒவ்வொன்றாக விர்ரென்று போயின. நாளெல்லாம் நகராத அவை இப்போது மட்டும் எத்தனை வேகம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மாடிப்படி முழுக்கச் செருப்புகள். ஹாலில் அப்பாவைக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். நெற்றியில் மலை மந்திர் முருகன் கோயில் விபூதி. பக்கத்தில் தரையில் அத்தை பொன்னம்மாள். நகரின் கோடியில் துவாரகாவிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவளும் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

"வந்துட்டியா தாயி? ஊரு உலகத்துக்கெல்லாம் பதில் சொல்லிட்டு வந்துட்டியா?" என்று அத்தை அவளைக் கட்டிக்கொண்டாள். "பாலு அடுப்பு மேடையில ஏடு கட்டிக் கெடக்கு. பெத்த மக இருக்க, கூடப் பொறந்தவ நான் இருக்க, எங்கண்ணன் எவளோ ஒருத்தி கையால பச்சத் தண்ணியக் குடிச்சிட்டுப் போயிட்டாரே!"

சமையலறை நிலையை ஒட்டிச் சுனைனா நின்றிருந்தாள். நாளெல்லாம் யாரிடமும் காட்ட முடியாத கோபம் அகல்யாவுக்கு அவளைக் கண்டதும் வந்தது.

"பால் வெச்சிருக்கேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?" இந்தியில்தான் கேட்டாள், குரல் அவளுடையதாக இல்லை.

"பால் உள்ளே இறங்காது தீதி. புரை ஏறிடும்னு பயம். எங்க பக்கத்துல துளசி போட்டு கங்கா ஜலம் குடுப்போம். என் பையில் எப்பவும் இருக்கும்." சுனைனா அவளைப் பார்க்காமலே சொன்னாள். "ரெண்டு சொட்டுதான்."

"அப்பா ஒண்ணும் கேக்கலையா?"

"உங்க பேரைத்தான் சொல்லிட்டே இருந்தார். வாசலையே பார்த்தார். நான் போன் பண்ணினேன், பண்ணினேன். வாயைத் திறக்க மாட்டேன்னுட்டார்." கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம் நான் ஒரு பொய் சொன்னேன் தீதி."

"என்ன பொய்?"

சுனைனா தனக்கு வந்த தமிழில் சொன்னாள். "வந்துத்தேம்ப்பா."

பொன்னம்மாளின் அழுகை பாதியில் நின்றது.

"தினம் சாயங்காலம் செருப்பைக் கழட்டும்போது நீங்க அதைத்தானே சொல்வீங்க? அதைக் கேட்டாத்தான் பாபுஜி கண்ணை மூடுவார். அதான், வாசல் பக்கம் போய் நின்னு சொல்லிட்டு வந்தேன். வாயைத் திறந்துட்டார்." அவள் கண் கலங்கிற்று. "அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. தப்பா எதுவும் சொல்லிட்டேனா?"

அகல்யா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கவுண்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்காமல், குரலை வைத்தே எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடுகிறவர் அப்பா. அந்த உச்சரிப்பை மகளுடையது என்று நம்பி அவர் ஏமாந்திருக்க மாட்டார். இருந்தும் வாயைத் திறந்திருக்கிறார். தனக்கு வர வேண்டிய ஒன்றை எவளோ எடுத்துக்கொண்டுவிட்டாள் என்ற எரிச்சலும், வேறொன்றும் அவளுக்குள் ஒன்றாகக் கலந்து அடைத்தன. அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை மூட்டமாக இருந்தது. எட்டு மணிக்குக் கிருஷ்ணபிரசாத் மாலையோடு வந்தார். அதைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"பதினோரு மணிக்குக் கூடறது. அந்த ஸ்டேஷன் கணக்கை ராத்திரி உட்கார்ந்து நானே படிச்சுட்டேன். நீங்க ஆபீஸைப் பத்தி நினைக்கவே வேண்டாம்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேத்திக்கே உங்களை அனுப்பியிருக்கணும்."

'பரவாயில்லை சார்' என்று அவள் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். அவர் ஷூவைப் போட்டுக்கொள்ளாமல், மற்ற ஆண்களோடு வெளியே போய் மூங்கிலுக்குக் கயிறு பிடித்துக்கொடுத்தார்.

வாய்க்கரிசித் தட்டு வந்தது. அத்தை போட்டாள். உறவும் அக்கம்பக்கமும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். அகல்யா போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, வாசலுக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் சுனைனா நிற்பதைப் பார்த்தாள். தோளில் பை. ஏஜென்சியில் இன்றைக்கே வேறு வீட்டில் வேலை கொடுத்திருந்தார்கள். போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்திருக்கிறாள். உள்ளே வரலாமா என்று யாரையும் கேட்கவில்லை. கைகூப்பியபடி நின்றாள்.

"சுனைனா," என்று அகல்யா கூப்பிட்டாள். "உள்ள வா."

சடங்கு நடத்த வந்த பெரியவர் தட்டை இழுத்துக்கொண்டார். "ரத்த சொந்தம், பழகுனவங்க, எல்லாரும் போட்டாச்சும்மா. நேரமாகுது."

அகல்யா வாயெடுக்குமுன் பொன்னம்மாள், "அவளும் போடட்டும்யா. அஞ்சு நிமிசத்துல ஒண்ணும் ஆயிராது," என்று தட்டை வாங்கி நீட்டினாள்.

சுனைனா பையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்து தலைமாட்டில் மண்டியிட்டாள். என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்குத் தெரியவில்லை. அகல்யா அவள் கையில் கொஞ்சம் அரிசியை வைத்து, அப்பாவின் வாயைக் காட்டினாள்.

சுனைனா புரிந்துகொண்டாள். அரிசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, துப்பட்டாவின் நுனியால் முதலில் அவருடைய கடைவாய் இரண்டையும் மெல்லத் துடைத்தாள். பிறகு ஒரு சிட்டிகையாக எடுத்து ஊட்டினாள். சிந்திவிடாதபடி, இடது கையை அவர் மோவாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டிருந்தாள்.