கேஸ்கட் நன்றாகத்தான் இருந்தது

பழைய கார் வைத்திருப்பவர்களோடு மாரடித்தே என் முதுகு போய்விட்டது. புதுக் கார்க்காரர்கள் பரவாயில்லை. சாவியைக் கொடுப்பார்கள், எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள், போய்விடுவார்கள். பழைய கார்க்காரர்கள் போகமாட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "இன்ஜின்ல எவ்வளவு வேலை பாக்கலாம்?" என்பார்கள். தினமும் ஓட்டுவதாக இருந்தால் முழுசாகப் பார்க்கலாம். மூடி வைத்து மாதம் ஒரு தடவை துடைப்பதாக இருந்தால் பாதி போதும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதாக இருந்தால் பெயின்ட் மட்டும் போதும், தள்ளிவிட ஆள் கிடைப்பார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அந்த அலுப்பில் இருந்தபோதுதான் வழியில் நின்றுபோன அத்தானின் கார் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. என் அக்காவைக் கட்டிக்கொண்ட வருஷமே அவர் வாங்கிய கார். அப்போதே அது இரண்டு கை மாறியிருந்தது. அத்தான் குடிநீர் பம்ப் ஹவுஸில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் முழுக்கக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்ததற்கு, எந்த வால்வை எப்போது திறப்பது என்று மறக்காத அவர் நினைவாற்றலும் ஒரு காரணம். காலையில் எண்ணெய், தண்ணீர், பெல்ட், டயர் காற்று எல்லாம் பார்க்காமல் சாவியைப் போடமாட்டார். அதனால் சொந்தக்காரர் வண்டியாக இருந்தும் எனக்கு அதில் பெரிய வேலை வந்ததே இல்லை. "அத்தானுக்கு ஏதாவது ஆனாத்தான் அந்த வண்டி என்கிட்ட வரும்" என்று அக்காவிடமே கிண்டல் செய்திருக்கிறேன்.

எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். பால் அதிகமாகிப்போன காபி நிறத்தில், நுரை தட்டி இருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. பழைய இன்ஜினில் இப்படி ஆனால் பெரும்பாலும் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில், தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கும் கேஸ்கட் தகடு எரிந்திருக்கும். இல்லையென்றால் ஹெட்டில் விரிசல் விட்டிருக்கும். வேறு எதையும் யோசிக்காமல் கேஸ்கட் போய்விட்டது என்று அத்தானுக்குப் போன் போட்டேன்.

"கேஸ்கட்டோட நிறுத்தாதே மச்சான். திறக்கறதே திறக்கறே, முழுசா பாத்துடு. பிஸ்டன் எல்லாம் புதுசா போடு" என்றார்.

"அத்தான், உங்க வயசுல அவனவன் முட்டியை மாத்திக்கிறான். நீங்க பிஸ்டனை மாத்தணும்ங்கிறீங்க."

"முட்டி கெடக்கு. நீ வண்டியைப் பாரு."

பார்த்தேன். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட் பழசு, ஆனால் நல்லது. எங்கும் எரிந்த தடம் இல்லை. ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பினேன். லேத்காரர் விரிசல் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சாக்பீஸால் பெரிதாக டிக் அடித்துத் திருப்பி அனுப்பினார். இன்ஜின் பிளாக்கும் சுத்தம். இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில் இருந்து வடித்ததோ, கொள்ளவேண்டிய அளவைவிட மிக அதிகம். அந்தத் தண்ணீரோடு ஓடியதில் பேரிங்குகளில் மட்டும் கீறல் விழுந்திருந்தது. அவற்றை மாற்றினால் இன்ஜின் இன்னும் நெடுங்காலம் ஓடும். ஆனால் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்றுதான் பிடிபடவில்லை. போகிற வழி எல்லாம் அடைத்திருக்கும்போது அது எப்படிப் போகும்?

மறுநாள் மத்தியானம் அக்கா வந்தாள். பட்டறைக்கு அவள் வருவதே அபூர்வம். உட்காருவதற்கு முன் நாற்காலியைத் துடைப்பவள், அன்றைக்குத் துடைக்காமலே உட்கார்ந்தாள்.

"வண்டி முடிஞ்சு போச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுடா."

"எது முடிஞ்சு போச்சு? பேரிங் மாத்தினா குதிரை மாதிரி ஓடும்."

"அதான் சொல்றேன். ஓடாதுன்னு சொல்லு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தத் தொழிலில் எனக்கென்று மிச்சமிருப்பது ஒன்றுதான். இன்ஜினைப் பற்றி நான் சொன்னால் அது உண்மையாக இருக்கும். "என்ன விளையாடறியா? உனக்குக் கார் வேணாம்னா அவர்கிட்ட சொல்லு. என்னை ஏன் இழுக்கறே?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன். அவர் போனட்டைத் திறந்து வச்சுட்டு நின்னாரு. தண்ணிக் கேனை எடுத்தாரு. எண்ணெய் ஊத்தற மூடியைக் கழட்டினாரு. அதுல ஊத்தினாரு. பொறுமையா, ஒரு சொட்டு சிந்தாம, கேன் காலியாகற வரைக்கும்."

தண்ணீர் போன வழி தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"நீ ஏன் கத்தலை?"

"வாயைத் திறந்தேன்டா. பக்கத்து வீட்டுக்காரர் மதில்கிட்ட நின்னு இவர்கிட்ட பேசிட்டு இருந்தாரு. அவர் முன்னாடி எப்படிச் சொல்றது? அவர் போகட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள இவர் ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பிட்டாரு." தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தாள். "போன மாசம் சிக்னல்ல நின்னுட்டு எந்தப் பக்கம் போகணும்னு என்னைக் கேட்டாரு. நம்ம வீட்டுக்குடா. நான் சிரிச்சுக்கிட்டே கையைக் காட்டினேன். உள்ளுக்குள்ள எனக்கு உயிரே இல்லை."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போகணும். போறேன். முதல்ல அவர் கையில ஸ்டியரிங் இருக்கக் கூடாது. யார் மேலயாவது ஏத்திட்டா? வண்டி செத்துப்போச்சுன்னா அவர் தாங்கிக்குவாரு. தன் மூளை போகுதுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு."

சரி என்றேன். அவள் போனபிறகு எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு மெக்கானிக் அண்டப் புளுகு புளுகுவதற்கும் ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறது. ஹெட்டில் விரிசல், பிளாக்கும் போய்விட்டது, இனி உதிரிபாகம் கிடைக்காது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பும்படியாக இல்லை.

அத்தானை நானே வீட்டில் போய்ப் பார்ப்பதாக இருந்தேன். அவர் முந்திக்கொண்டார். அடுத்த நாள் காலை வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வெளியே வந்தால், மேஜையருகில் அத்தான் நிற்கிறார். கையில் கேஸ்கட்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு வளையத்தின் ஓரத்தையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டு வந்தார். அவசரமே இல்லை.

"கேஸ்கட் நல்லாத்தானே இருக்கு மச்சான்?"

"அது... ஹெட்ல விரிசல் அத்தான்."

அவர் ஹெட்டைப் பார்த்தார். அதன் மேல் லேத்காரரின் டிக் பளிச்சென்று இருந்தது. அந்தச் சாக்பீஸைத் துடைத்து வைக்கக்கூட எனக்குப் புத்தி இல்லை.

"எவ்வளவு தண்ணி வடிச்சே?"

நான் மூலையில் இருந்த வாளியைக் காட்டினேன். எண்ணெய் மேலே மிதக்க, தண்ணீர் அடியில் தெளிந்திருந்தது. அதைக் குனிந்து பார்த்தார். தண்ணீரை அளந்தே வாழ்ந்த மனுஷர்.

"ஒரு கேன்" என்றார். பிறகு, அக்கா உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

நான் எதையாவது சொல்லியிருக்கலாம். கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"ஊத்தினது ஞாபகமே இல்லை மச்சான். அதுதான் பயமா இருக்கு. செஞ்சது தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம். செஞ்சதே தெரியலைன்னா என்ன பண்றது?" கேஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டார். "உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தான்."

"தெரிய வேணாம். சிக்னல்ல ஒரு நாள் வழி தெரியலை. விளையாட்டுக்குக் கேக்கற மாதிரி அவளைக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே கையைக் காட்டினா. அவளுக்குப் புரியலை, நல்லவேளை. தெரிஞ்சா தூங்கமாட்டா."

எனக்கு வந்தது அழுகையா எரிச்சலா என்று தெரியவில்லை, இரண்டும்தான். ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் படுத்து எழுந்திருக்கும் இரண்டு பேர்.

"ஓடுமா?" என்று கேட்டார்.

அவரிடம் பொய் சொல்ல எனக்கு இனி வழியில்லை. "பேரிங் மாத்தினா ஓடும் அத்தான். நல்லாவே ஓடும்."

அவர் முகம் மலர்ந்தது. கார் பக்கம் திரும்பினார். போனட் இல்லாமல் அது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். ஓட்டுகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அப்படிச் சொன்னால் மறுக்கும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

"அப்ப மாத்தாதே" என்றார். "கழுவித் துடைச்சு, புது எண்ணெய் விட்டு மூடிடு. உள்ளே துருப்பிடிக்காம இருந்தாப் போதும். இன்ஜின் முடிஞ்சு போச்சுன்னு உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அவ என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருவா."

பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். எந்தப் பஸ் என்று என்னைக் கேட்டுத்தான் ஏறினார்.

அன்று முழுக்க அந்த இன்ஜினைத்தான் துடைத்தேன். ஓடப்போகிற இன்ஜினைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை. சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"சொல்லிட்டியா? நம்பினாரா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நம்பிட்டாரு."

"அப்பாடா. பாவம்டா, அவருக்கு எதுவும் தெரியாது. இனிமே நான் பாத்துக்கறேன்."

அதற்குள் பின்னால் அத்தானின் குரல் கேட்டது. "உன் தம்பியா? வண்டியைப் பத்தி என்ன சொல்றான்?"

அக்கா போனை வைக்காமலே, இல்லாத உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள். "இன்ஜின் முடிஞ்சு போச்சாம்ங்க. இதுக்குமேல ஒண்ணும் பண்ண முடியாதாம்."

"முடிஞ்சு போச்சா? அடடா" என்றார் அத்தான், இப்போதுதான் கேள்விப்படுகிறவரைப் போல. "சரி விடு. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்கு வருத்தம்? ஓட்டி ஓட்டி எனக்கும் அலுத்துப்போச்சு. இனிமே எங்க போகணும்னாலும் நீ கூட்டிட்டுப் போ. நான் வரேன்."

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். கொஞ்சம் பொறுத்து, "சரிங்க" என்றாள் அக்கா.