ஏன் விக்கிறீங்க?

வழியனுப்பு விருந்துக்கு வந்திருந்தவர்கள்: பிளாட் சங்கச் செயலாளர் ஷேக் அலாவுதீன், கையில் மைக்கோடு. கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் யூசுப், இரண்டு அண்டா கோழிக் குழம்போடு. மாக் மண்டினில் வெல்டிங் பட்டறை நடத்தும் ஷர்வின், கலங்கிய கண்களோடு. ஐந்து மாடிகளிலிருந்தும் இறங்கி வந்த அறுபது பேர், அவரவர் பசியோடு. நாட்டின் தென்கோடியில் இருக்கும் ஜோகூருக்குப் போகிற வெங்காய லாரியின் டிரைவர், இன்ஜினை அணைக்காமல். அப்புறம் அய்யாக்கண்ணு, கழுத்தில் மாலையோடு. ஜோகூருக்குப் போகும் எண்ணம் அந்த மனிதருக்குக் கனவிலும் கிடையாது.

அவர் மனைவி சந்திரிகா இன்னும் வரவில்லை. அவள் வர வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை கூத்தும்.

அய்யாக்கண்ணுவுக்கு ஐம்பத்தொரு வயது. பினாங்குத் தீவில், பாயான் பாருவில் வீடு, பக்கத்துத் தொழிற்பேட்டையில் மெஷின் ரிப்பேர் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால், யாரும் கேட்காமலேயே, பதினாறடி நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் படகை டிரெய்லரோடு வாங்கி வந்தார். நான்கு தடவை கடலுக்குப் போனார். முதல் தடவை ஒரு கெளுத்தி மாட்டியது. இரண்டாம் தடவை அதுவும் இல்லை. மூன்றாம் தடவை ஜெரெஜாக் தீவுக்கு எதிரே இன்ஜின் நின்றுபோய், மீன்பிடிக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே. நான்காம் தடவை படகைப் பாதி இறக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு படகு பிளாட் கார் பார்க்கிலேயே கிடந்தது. இரண்டு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு. இரண்டுமே அந்த வீட்டுக்கு ஒதுக்கியவை. அய்யாக்கண்ணு மோட்டார் சைக்கிளில் போகிறவர், அவருக்கு ஒன்றுமில்லை. கார் ஓட்டுகிறவள் சந்திரிகாதான், தன் காடியை பாசார் சந்தைக்கு அந்தப் பக்கம் ரோட்டோரம் போட்டுவிட்டு நடந்து வருவாள். மூன்று தடவை கண்ணாடியில் அபராதச் சமான் ஒட்டினார்கள். மூன்றாவது சமான் கிடைத்த அன்று மழை. நனைந்த செருப்போடு மேலே வந்தவள் நேராக அடுப்படிக்குப் போனாள். சோறு வெந்துகொண்டிருந்த ரைஸ் குக்கரின் ஒயரைப் பிடுங்கினாள். சோற்றோடு அதைத் தூக்கிக்கொண்டாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன். அந்தப் படகு கார் பார்க்கை விட்டு என்னைக்குப் போவுதோ அன்னைக்கு வர்றேன். அதுக்கு முன்னால போன் போடாதீங்க."

அக்கா வீடு ஆயர் ஈத்தாமில். பக்கம்தான். ஆனால் சந்திரிகா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அய்யாக்கண்ணுவுக்குப் பயமே அதுதான்.

அன்று ராத்திரியே ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டார். காலைக்குள் நாற்பது பேர் "இன்னும் இருக்கா?" என்று கேட்டிருந்தார்கள். "இருக்கு" என்று பதில் போட்டதும் நாற்பது பேரும் காணாமல் போனார்கள். ஒருவன் ஒரு ஜோடிப் பாட்டுக் குருவிகளுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். இன்னொருவன் படகு வேண்டாம், நங்கூரம் மட்டும் தருவீங்களா என்றான். நேரில் வந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் எல்லோரும், படகைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"ஏன் விக்கிறீங்க?"

முதலில் வந்தவர் பட்டர்வொர்த்காரர். அய்யாக்கண்ணு உண்மையைச் சொன்னார். பெண்டாட்டி போய்விட்டாள், படகு போனால்தான் வருவாள் என்று. அந்த ஆள் படகின் மேல் வைத்திருந்த கையை மெல்ல எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"குடும்பத்தப் பிரிச்ச சாமானாண்ணே இது. எனக்கு வேணாம். என் வீட்டுக்காரி ஏற்கெனவே ஒரு மாதிரி."

ஆனால் உடனே போகவும் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பெண்டாட்டிகளை எப்படி நடத்த வேண்டும் என்று பாடம் எடுத்தார். ஆயர் ஈத்தாமுக்குத் தான் போய்ப் பேசிப் பார்க்கவா என்று இரண்டு முறை கேட்டார். அவரை அனுப்பி வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இரண்டாவது ஆளிடம் முதுகுவலி என்றார். அவன் அவரைப் படகுப் பலகையில் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை ஊன்றி அழுத்தினான். அதுவரை இல்லாத முதுகுவலி அன்றிலிருந்து நான்கு நாள் இருந்தது. "இந்தப் படகுதாண்ணே உங்க முதுகக் கெடுத்தது. நமக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாவது ஆளிடம் இதைவிடப் பெரிய படகு வாங்கப் போவதாகச் சொன்னார். "அப்ப நீங்க பெரிய ஆளு. இத எனக்குச் சும்மாவே தரலாமே" என்றான். உண்மையாகவே கேட்டான். இல்லை என்றதும் கோபித்துக்கொண்டான்.

நான்காவதாக வந்தவன் ஷர்வின். முப்பது வயது. பட்டறை கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில் என்றாலும் அவன் அக்கா வீடு பாயான் பாருவில்தான். வாரத்தில் மூன்று நாள் யூசுப் கடையில் சாப்பிடுகிறவன். படகைத் தட்டிப் பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான். நல்ல சாமான் என்று வாய்விட்டுச் சொன்னான். விற்கிறவனிடமே இப்படிச் சொல்கிற ஆளை அய்யாக்கண்ணு அதுவரை பார்த்ததில்லை. யூசுப் கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கிளாஸ் தே வாங்கினார்கள்.

"ஏண்ணே விக்கிறீங்க?"

எங்கிருந்து வந்தது என்று அய்யாக்கண்ணுவுக்கே தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

"ஜோகூருக்கு மாத்தலாயிருச்சு தம்பி."

"அப்படியா? ஜோகூர்ல எங்க?"

"ஸ்கூடாய்."

ஷர்வின் தலையாட்டினான். அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை, முதுகைப் பிடிக்கவில்லை. இத்தனை எளிதான காரணத்தை விட்டுவிட்டு உண்மையைப் போய்ச் சொன்னோமே என்று அய்யாக்கண்ணு தன்னையே திட்டிக்கொண்டார்.

"எப்பண்ணே போறீங்க?"

"இந்த மாசக் கடைசி. நீ இன்னைக்கே எடுத்துக்கலாம்."

"அவசரமில்லண்ணே. கடைசி சனிக்கிழமை வர்றேன். ஊரவிட்டுப் போறவங்க போற அன்னைக்குத்தான் வெலைய எறக்குவாங்க." மறைக்காமல் சிரித்துக்கொண்டே சொன்னான். "கோவிச்சுக்காதீங்கண்ணே. யாவாரம்லா."

பக்கத்தில் டம்ளர் உடைந்தது. தே ஆற்றிக்கொண்டிருந்த யூசுப், அப்படியே நின்றார்.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிரலாம்னு பாத்தீங்களாண்ணே? பதினேழு வருசமா என் கடையில சாப்புடுற ஆளு!"

அந்த நிமிடமே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே ஷர்வின் உட்கார்ந்திருந்தான், இத்தனை பேரில் உண்மையாக வாங்க வந்த ஒரே ஆள். அய்யாக்கண்ணு கணக்குப் போட்டார். சனிக்கிழமை படகு போகும். சந்திரிகா வருவாள். ஞாயிற்றுக்கிழமை மாத்தல் கேன்சல் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். அதை யூசுப் சோகம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஷேக் அலாவுதீன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஸ்கூடாய்ல என் மச்சான் மவன் இருக்கான் தம்பி. உங்களுக்கு வீடு பாக்கச் சொல்லிட்டேன்."

"வேணாம் பாய். கம்பெனியே வீடு குடுக்குது."

"கம்பெனி வீட்ல தண்ணி வராது. நீங்க சும்மா இருங்க."

அய்யாக்கண்ணு வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவர் எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று பிளாட் முழுக்கப் பேச்சானது. மூன்றாம் மாடிக்காரர்கள் ஒரு போர்வை கொடுத்தார்கள். ஸ்கூடாயில் குளிராது என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வாங்கி வைத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் கார் பார்க்கில் படகின் பக்கத்தில் நின்று, சனிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டுப் பார்த்தார். கடையிலிருந்து யூசுப் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசி வாரம், வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது படகைக் காணோம்.

இரண்டு இடமும் காலியாக இருந்தன. தரையில் எண்ணெய்க் கறை மட்டும். அய்யாக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்தார். யாரோ திருடிவிட்டார்கள்! வாயைப் பொத்திக்கொண்டார். சந்தோஷத்தில். போலீசுக்குப் போனால் கண்டுபிடித்துத் தொலைத்துவிடுவார்கள் என்று போகவில்லை. திருடன் நல்லபடியாகப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட வேண்டும் என்று அங்கேயே நின்று கும்பிட்டார். பிறகு போனை எடுத்தார்.

"போயிருச்சு."

"வித்துட்டீங்களா?" என்றாள் சந்திரிகா.

"போயிருச்சு."

"சனிக்கிழமை வர்றேன். கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

விருந்துக்கு வசூல் முடிந்திருந்ததால், மாத்தல் கேன்சல் என்பதை ஞாயிற்றுக்கிழமைக்கே விட்டுவைத்தார். அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தச் சனிக்கிழமை மத்தியானம். படகே இல்லாத மனிதருக்கு, போகாத ஊருக்கு, விருந்து. எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். வெங்காய லாரி கார் பார்க் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அது ஜோகூர் போகிற லாரி, யூசுப்தான் சொல்லி வைத்திருந்தார், அய்யாக்கண்ணுவுக்கு பஸ் காசு மிச்சம் என்று. ஷேக் அலாவுதீன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நம்ம தம்பி அய்யாக்கண்ணு நமக்காக ஒண்ணும் கேட்டதில்ல. ஆனா நாம சும்மா அனுப்புவமா? ஷர்வின், கொண்டாப்பா!"

ஷர்வினின் பிக்கப் உள்ளே வந்தது. பின்னால் படகு. நீலத்தில் புதுப் பெயின்ட். டிரெய்லருக்குப் புதுச் சக்கரங்கள். அறுபது பேரும் கைதட்டினார்கள்.

அய்யாக்கண்ணுவின் வாயில் இருந்த கேக் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"அண்ணே," என்றான் ஷர்வின். "போற அன்னைக்கு உங்க வெலைய அடிக்கலாம்னு நெனச்ச பாவி நான். யூசுப் அண்ணன் எல்லாத்தையும் சொன்னாரு. தெனமும் சாயங்காலம் அது பக்கத்துலயே நின்னீங்களாமே. இதப் போயி நான் வாங்குனா நல்லா இருப்பனா? நான் வாங்க மாட்டேண்ணே. நீங்களே கொண்டு போங்க. எல்லாரும் சேந்துதான் வியாழக்கிழமை எடுத்துட்டுப் போயி ரெடி பண்ணோம்."

"வாங்கிக்கப்பா," என்றார் அய்யாக்கண்ணு. "பாதி வெலைக்குத் தர்றேன்."

"பாத்தீங்களா, மனசு கேக்காம பேசுறாரு!" என்று யாரோ பெண் மூக்கைச் சிந்தினாள்.

"சும்மா எடுத்துக்க ஷர்வின். கையெடுத்துக் கும்புடுறேன்."

ஷர்வின் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அதற்குள் நான்கு பேர் டிரெய்லரை லாரியின் பின்னால் மாட்டிவிட்டார்கள். ஸ்கூடாயில் படகை நிறுத்த இரண்டு கார் நிற்கிற அளவுக்கு இடமும் பார்த்தாயிற்று என்று ஷேக் அலாவுதீன் மைக்கில் அறிவித்தார். மறுபடி கைதட்டல்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் சந்திரிகாவின் காடி உள்ளே வந்தது. காலியாக இருந்த தன் இடத்தில், ஒரே திருப்பில், நேராகப் போட்டாள். ரைஸ் குக்கரோடு இறங்கினாள். லாரியைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்களும் இப்பவே ஜோகூர் போறீங்களா, இல்ல பின்னாடியா?" என்றார் யூசுப்.

"மேல வாங்க," என்றாள் சந்திரிகா, புருஷனைப் பார்த்து.

இரண்டாம் மாடி வரைக்கும் அவள் முன்னால் ஏற, அவர் மாலையோடு பின்னால் ஏறினார். வீட்டுக்குள் வந்ததும் அய்யாக்கண்ணு எல்லாவற்றையும் கொட்டினார். மாத்தல் இல்லை, ஸ்கூடாய் இல்லை, திருடனும் இல்லை. சந்திரிகா ரைஸ் குக்கரைப் பழைய இடத்தில் வைத்து ஒயரைச் சொருகினாள். ஒரு பாத்திரத்தில் அரிசி அளந்து போட்டாள்.

"சரி. கீழ போயி மாத்தல் கேன்சல்னு சொல்லிட்டு வாங்க."

"சொன்னா படக அவுத்து இங்கயே விட்டுருவாங்க."

அரிசி கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"வேற யாரும் எடுத்துக்க மாட்டாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. அது என் உசுருன்னு நம்புறாங்க."

சந்திரிகா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். லாரிக்குப் பின்னால் படகு. தன் இடத்தில் தன் காடி. வெகு நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பையில் இரண்டு சட்டை, ஒரு துண்டு, பல் துலக்கும் பிரஷ் போட்டுக் கொண்டு வந்தாள். மூன்றாம் மாடிக்காரர்கள் கொடுத்த போர்வையையும் மேலே திணித்தாள்.

"அப்பப் போயிட்டு வாங்க."

"எங்க?"

"ஸ்கூடாய்க்கு. கம்பெனிக்கு நாலு நாள் லீவு சொல்லுங்க. அங்க வித்துட்டு வாங்க."

"அங்கயும் ஏன் விக்கிறீங்கன்னு கேப்பாங்களே, சந்திரிகா."

"பினாங்குக்கு மாத்தலாயிருச்சுன்னு சொல்லுங்க."

கீழே டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தான். அறுபது பேர் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அய்யாக்கண்ணு மாலையோடும் பையோடும் வெளியே கால் வைத்தார். ஏதோ சொல்ல வேண்டும் என்று திரும்பினார். சந்திரிகா மரக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அதைச் சாத்துவதற்கு முன்னாலேயே கிரில்லை இழுத்து, பூட்டுப் போட்டு, ஒரு தடவை ஆட்டியும் பார்த்திருந்தாள்.